சுவரைப் பார்த்து நிற்கும் வேலை

என் நாத்தனாருக்காகப் பொய் சொல்ல வேண்டும் என்ற தலையெழுத்து எனக்கு இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, “வெந்நீர் நல்லா இருக்கு அண்ணி” என்று சொன்னவள் அவள். அதை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஆகவே அவளுக்கு நடந்ததை நான் சொல்கிறேன் என்றால், பாசத்தில் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். நடந்தது, அதனால் சொல்கிறேன். பாதி அவள் வாயால் கேட்டது. மீதி நடந்தபோது நானே சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பட்டப்பகலில்.

அவள் ஒரு வங்கிக் கிளையில் தலைமைக் காசாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தினமும் காலையில் ஒரு நிமிடம் சுவரைப் பார்த்து நிற்பதும் அவள் வேலையில் சேர்ந்தது. சிரிக்காதீர்கள், விதி அப்படி. இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

பணம் வைக்கிற பாதுகாப்பு அறை, கட்டடத்தின் பின்பக்கம் ஒரு குறுகலான நடையின் கோடியில் இருந்தது. கனமான இரும்புக் கதவு. அதற்கு இரண்டு சாவி. ஒன்று காசாளரிடம், இன்னொன்று துணை மேலாளரிடம். காசாளர் முதலில் தன் சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். பிறகு விலகி, எதிர்ச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். துணை மேலாளர் ஒரு வட்டத்தைச் சுழற்றி எண் வைப்பார். அந்த எண் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எண் வைத்து, தன் சாவியைத் திருப்பி, “ஆச்சு” என்பார். அதற்குப் பிறகுதான் காசாளர் திரும்பலாம். தனி ஆளாக யாரும் திறக்க முடியாது. ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை என்பதையே பூட்டாகச் செய்து மாட்டியிருந்தார்கள்.

அப்போது இருந்த துணை மேலாளருக்கு அவள் வைத்த பெயர் பூனை. ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். மகளைக் கல்லூரியில் சேர்க்க இவள் இரண்டு நாள் லீவு கேட்டாள். அவர் தரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. என் நாத்தனாரின் வீம்பைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். பேச்சு இல்லை என்றால் பார்வையும் இல்லை. காலையில் கதவு திறக்கும்போதுகூட அவர் நிற்கும் பக்கம் தலையைத் திருப்ப மாட்டாள். அந்த வீம்புதான் அவளை மாட்டிவிட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. முந்தின நாள் பெய்த மழையில் ஊரே மிதந்தது. பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாம் மதியமே மூடிவிட்டார்கள். காலையில் தூறலாகக் குறைந்திருந்தது. அவள் வழக்கம்போல ஒன்பதே முக்காலுக்கு முன்பே நடைக்குள் போனாள். சாவியைப் போட்டாள். திருப்பினாள்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

சர்ரக்… சர்ரக்… செருப்பை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம்.

‘நேத்து மழையில ஷூ நனைஞ்சிருக்கும். பூனை இன்னைக்குச் செருப்புல வந்திருக்கு’ என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. விலகிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

டக்… டக்… டக்…

வட்டம் சுழலும் சத்தம். மெதுவாக. ரொம்ப நாள் தொடாத கை, யோசித்து யோசித்து வைப்பது போல. பூனை அப்படி வைக்க மாட்டார். அவருடைய விரல் பறக்கும். பிறகு சாவி திரும்பியது.

“ஆச்சும்மா.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். இத்தனை நாள் முறைத்துக்கொண்டு இன்றைக்கு என்ன அம்மா? நக்கலா? குரல்கூடக் கரகரப்பாக இருந்தது. சளி பிடித்திருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, சுவருக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். நடையில் யாரும் இல்லை. போனால் போகட்டும் என்று கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது.

பணத்தை எடுத்துக் கவுண்டர்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் உட்கார்ந்து கால் மணி நேரம் இருக்கும். முன்வாசலில் பூனை வந்தார். மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஹெல்மெட். அவர் வீட்டுப் பக்கம் முழங்கால் தண்ணீராம், வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். நடைப் பக்கம் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“கதவை யார் திறந்தது?”

“நீங்கதானே” என்றாள் அவள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் தன் சாவியை எடுத்துக் காட்டினார். “நான் இப்பதான் மேடம் உள்ளே வர்றேன்.”

அவள் அவருடைய காலைப் பார்த்தாள்.

ரப்பர் ஷூ.

பணத்தில் எந்தக் குறையும் இல்லை. அதனால் என்ன? தனியாகக் கதவைத் திறந்தாள் என்றால் அவளிடம் கள்ளச்சாவி இருக்கிறது, எண்ணும் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? அன்று மாலையே சஸ்பெண்ட். ஒரு மாதத்தில் குற்றச்சாட்டு. பிறகு துறை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் கேட்டதையும் இவள் சொன்னதையும் வீட்டில் வந்து அப்படியே ஒப்பித்தாள்.

“ரெண்டாவது சாவியைத் திருப்பினது யாரு?”

“துணை மேலாளர்னு நெனச்சேன் சார்.”

“பாத்தீங்களா?”

“பாக்கக் கூடாதுங்கறதுதானே சார் விதி.”

“அப்ப பாக்கலை.”

“பாத்திருந்தா அதுக்கு வேற சார்ஜ் ஷீட் குடுத்திருப்பீங்களே சார்.”

வாய் சும்மா இருக்காது அவளுக்கு. வெந்நீர் என்று சொன்ன வாய் அல்லவா.

நடையில் ஊழியர்களுக்குத் தெரியாமல் மறைவாக ஒரு கேமரா இருந்தது. ஆனால் அது கதவைப் பார்க்காது. எண் பதிவாகிவிடக் கூடாது என்று எதிர்ச் சுவரைப் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். அதில் அவள் ஒருத்திதான் தெரிந்தாள். சுவரைப் பார்த்து நிற்கிறாள். காத்திருக்கிறாள். ஒரு நிமிடம் கழித்துத் தலையாட்டுகிறாள். திரும்புகிறாள். அவ்வளவுதான். நன்றாக நடிக்கிறாள் என்று எழுதினார் விசாரணை அதிகாரி. முன்வாசல் காவலரும் துணை மேலாளர் அதற்கு முன் வரவே இல்லை என்று சொல்லிவிட்டார். குற்றம் நிரூபணம் என்று முடித்து டிஸ்மிஸ் செய்தார்கள். மேல்முறையீட்டுக்கு இரண்டு வரியில் பதில் வந்தது.

அதற்கப்புறம் ஆரம்பித்தது பாருங்கள், சந்தேகம். அது ஒரு தொற்று நோய். அவளுக்குப் பூனை மேல் சந்தேகம். லீவுச் சண்டைக்குப் பழிவாங்க, பின்வழியாக வந்து கதவைத் திறந்துவிட்டு, மறுபடி முன்வாசலில் நனைந்துகொண்டு வந்திருக்கிறார் என்றாள். செருப்பைக்கூட மாற்றிக்கொண்டு நாடகம் போட்டாராம். அவள் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சின்னத் திருகாணி, அரம் எல்லாம் வைத்து நாள் முழுக்க நுணுக்க வேலை செய்கிறவர். அவர்தான் கள்ளச்சாவி செய்து கொடுத்திருப்பார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கு வந்தது. ஒருநாள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு அவரையே கேட்டுவிட்டாள்.

“என் சாவியை எப்பவாவது எடுத்தீங்களா?”

மனுஷர் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் கடையிலேயே படுத்துக்கொண்டார். கல்லூரிக்குப் போன மகளிடம் கூடப் படிக்கிறவள், “உங்கம்மாதானே அந்த பேங்க் கேஸ்?” என்று கேட்டிருக்கிறாள். பெண் அன்றிலிருந்து தோழிகளை வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்கும் அவள் மேல் சந்தேகம் இருந்தது. ஆனால் ஒன்று இடித்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அன்றைக்கு என் காபியை நன்றாக இருக்கிறது என்றல்லவா சொல்லியிருப்பாள்.

கேஸ் போட்டாள். வேலை போனது பெரிதில்லை என்று சொல்ல மாட்டேன், பெரிதுதான். ஆனால் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கள்ளி என்று எழுதிய கையால் இல்லை என்று எழுத வேண்டும். அதே கிளைக்குள், அதே நாற்காலிக்கு, எல்லாரும் பார்க்க நடந்து போக வேண்டும்.

வக்கீல் வயதானவர். வங்கி ஊழியர் வழக்கு என்றால் அவரிடம்தான் போவார்கள். அவரே அவளை நம்பவில்லை.

“என்கிட்டயாவது உண்மையைச் சொல்லும்மா. உண்மை தெரிஞ்சா இன்னும் நல்லா சண்டை போடுவேன்.”

“அதைத்தான் சார் சொல்லிட்டிருக்கேன்.”

“செருப்புச் சத்தமா?”

“செருப்புச் சத்தம்தான் சார்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். இருந்தாலும் கெட்டிக்காரர். கோர்ட்டில் அந்தக் கேமரா படத்தையே திருப்பிப் போட்டார். திருட்டுத்தனமாகக் கதவைத் திறக்கிறவள் எதற்காகச் சுவரைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அந்தக் கேமரா தன்னைப் பார்ப்பதுகூட அவளுக்குத் தெரியாதே என்று கேட்டார். நீதிபதி கொஞ்சம் யோசித்தார். கிளைக்கே போய் நேரில் பார்த்து அறிக்கை கொடு என்று ஒரு இளம் பெண் வக்கீலைக் கமிஷனராக அனுப்பினார்.

அன்றைக்கு நானும் கூடப் போனேன். அவளுக்குத் துணைக்கு. இல்லை, உண்மையைச் சொல்கிறேன், பார்க்கிற ஆசைதான்.

மதியம் இரண்டு மணி இருக்கும். வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பூட்டுக் கம்பெனி மெக்கானிக் ஒருவர் காலையிலேயே வந்து பூட்டைச் சோதித்திருந்தார். இரண்டாவது சாவியும் எண்ணும் இல்லாமல் இது திறக்காது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, நடை வாசலில் போட்டிருந்த பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனது ஆறு பேர். கமிஷனர், கிளை மேலாளர், வங்கி வக்கீல், எங்கள் வக்கீல், பூனை, என் நாத்தனார். இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரம் பேச்சுக்குரல் கேட்டது. பிறகு அடங்கியது.

அப்போது யாரோ எங்களைத் தாண்டி நடைக்குள் போனார்கள். நான் வழிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டேன். மெக்கானிக்கும் இழுத்துக்கொண்டார்.

சர்ரக்… சர்ரக்…

நிமிர்ந்து பார்த்தேன்.

யாரும் இல்லை.

மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு பேருமே காலை இன்னும் உள்ளே இழுத்த மேனிக்கு வைத்திருந்தோம்…

உள்ளே நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன்.

அன்றைக்குச் செய்தது போலவே செய்து காட்டும்படி கமிஷனர் சொன்னாள். இவள் சாவியைப் போட்டுத் திருப்பினாள். உடனே மேலாளர் முந்திக்கொண்டார். “எண்ணை யாரும் பாக்கக் கூடாது. தயவுசெஞ்சு எல்லாரும் திரும்பிக்குங்க.” கோர்ட்டு அனுப்பிய ஆளாக இருந்தாலும் விதி விதிதானே. கமிஷனர் சிரித்துக்கொண்டே திரும்பினாள். வக்கீல்கள் இருவரும் திரும்பினார்கள். மேலாளரும் திரும்பினார். என் நாத்தனார் கோடியில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

பின்னால் செருப்புச் சத்தம்.

டக்… டக்… டக்…

மெதுவாக.

ஆக, அன்றைக்கும் இந்தப் பூனைதான், இதோ மறுபடி மாட்டிக்கொண்டது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எல்லார் காதிலும் விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தரையைப் பார்த்தாள்.

அவள் காலுக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ஷூ.

ரப்பர் அடி.

மெல்லக் கண்ணை உயர்த்தினாள். அவளை ஒட்டி, சுவரைப் பார்த்து, பூனை நின்றுகொண்டிருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. சாவி அவர் முஷ்டிக்குள் இருந்தது. அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

கமிஷனர், மேலாளர், வங்கி வக்கீல், எங்கள் வக்கீல், பூனை, இவள்.

ஆறு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

பின்னால் சாவி திரும்பியது.

“ஆச்சும்மா.”

…

முதலில் திரும்பியது கமிஷனர்தான். அவளுக்கு என்ன தெரியும், பாவம். “சரி, இப்ப இழுங்க” என்றாள். யாரும் நகரவில்லை. அவளே கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்தது.

பூனை அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். “நான் கதவுகிட்ட போகலாம்னுதான் அடி எடுத்து வெச்சேன். என்னை உரசிக்கிட்டு யாரோ போனாங்க. சட்டை பட்டுச்சு. பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிட்டேன்” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். என் நாத்தனார் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வருடமாக அவரை வைத வசவெல்லாம் தப்பான விலாசத்துக்குப் போனது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கோர்ட்டுக்குப் பேய் பிசாசு எல்லாம் கிடையாது. இரண்டாவது சாவிக்காரர் தொடாமலே கதவு திறந்ததைக் கமிஷனரே பார்த்தாள், ஆகையால் பூட்டு நம்பத்தக்கதல்ல, ஆகையால் இவள் மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. டிஸ்மிஸ் ரத்து. மெக்கானிக் மட்டும் பூட்டை அக்கக்காகக் கழற்றிப் பார்த்துவிட்டு, எதுவும் கெடவில்லை என்று தலையைச் சொறிந்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீர்ப்பு வந்த அன்று அவள் அழுதாள். அவள் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்று அவரிடம் சொன்னாள். அவர் அவள் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த சமாதானம் அதுதான்.

மறுநாள் தீர்ப்பு நகல் வாங்க வக்கீலிடம் போனோம். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வக்கீல் நல்ல உற்சாகத்தில் இருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துக் காட்டினார். அதே கிளையில், அதே பணியில், பணித் தொடர்ச்சியோடு, உடனே சேர்க்க வேண்டும்.

“உங்க கிளைக்கு இதே மாதிரி இதுக்கு முன்னாடியும் ஒரு ஆர்டர் வாங்கினேன்” என்றார். “இப்ப இருக்கிறவருக்கு முன்னாடி இருந்த துணை மேலாளர். தன் சாவியை வேற ஆள்கிட்ட குடுத்தார்னு டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. சத்தியமா குடுக்கலைன்னு தலையில அடிச்சுக்கிட்டார். ஜெயிச்சுக் குடுத்தேன். நகலைச் சம்சாரம் வந்து வாங்கிட்டுப் போச்சு. மனுஷன் இன்னி வரைக்கும் ஒரு போன் பண்ணலை.”

அவள் அந்தக் கிளைக்கு வந்ததே அவர் போன பிறகுதான். அவரைப் பார்த்ததே இல்லை.

“எப்ப சார் அந்த ஆர்டர்?” என்றாள்.

“ஊரெல்லாம் மிதந்துச்சே ஒரு நாள், மழையில. கோர்ட்டையே மதியம் மூடினாங்க. மூடறதுக்கு முன்னாடி கடைசியா வாசிச்ச தீர்ப்பு அதுதான்.”

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை.

முகவரி வாங்கிக்கொண்டு அங்கிருந்தே நேராகப் போனோம். மாடியில் சின்ன வீடு. நரைத்த தலையோடு ஒரு அம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளே சுவரில் படம் மாட்டியிருந்தது. மாலை போட்டிருந்தது. அதற்குக் கீழே, தரையில், ஒரு ஜோடி தோல் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்து சரிந்திருந்தது.

“எப்பம்மா?” என்று நான்தான் கேட்டேன்.

“கேஸ் நடந்துட்டிருக்கும்போதே போயிட்டார். தீர்ப்புக்கு அஞ்சு மாசம் முன்னாடி” என்றாள். “வக்கீல்கிட்ட சொல்லலை. சொன்னா கேஸை மூடிடுவாங்களோன்னு பயம். உடம்பு முடியலைன்னு சொல்லிச் சொல்லி நானே போய்ட்டு வந்தேன். அவர் திருடன் இல்லைன்னு ஒரு வரி வேணும். அவ்வளவுதான் எனக்கு.”

என் நாத்தனாருக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அவள் கேட்டதும் அதே ஒரு வரிதானே.

அந்த அம்மாள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “தீர்ப்பு வந்த அன்னைக்கு ராத்திரி, இங்கதான் நின்னு அவருக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். உடனே டூட்டியில சேரணும்னு போட்டிருக்குங்க, காலையில கெளம்பிடுங்கன்னு… என்னவோ ஒரு சந்தோஷத்துல சொல்லிட்டேன்.”

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அவரு எதையாவது முடிச்சா என்ன சொல்வாரு?” என்று நாத்தனார் கேட்டாள்.

அந்த அம்மாள் சிரித்தாள். “குழாயை மூடினாக்கூட, ஆச்சும்மாம்பார். எல்லாரையும் அம்மாதான். ஏன் கேக்கறீங்க?”

இவள் எழுந்திருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். “அவருக்கு ரிட்டயர்மெண்ட் எப்ப வந்திருக்கும்?”

“இருந்திருந்தா, அடுத்த வருஷக் கடைசியில.”

படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. வேலை வேண்டாம், விட்டுவிடு என்றேன். “இதுக்காகத்தானே அண்ணி தெருத்தெருவா அலைஞ்சேன்? நான் போகலைன்னா பழைய பேச்சுதான் நிக்கும்” என்றாள். அடுத்த வருடக் கடைசி வரைதானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

திங்கட்கிழமை எல்லாரும் பார்க்க நடந்துபோய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். வங்கி புதுப் பூட்டு மாட்டியிருந்தது. புது எண். பூனை மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு வாலிபர். காலையில் இவள் சாவியைத் திருப்பிவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பாள். செருப்புச் சத்தம் கேட்கும். “ஆச்சும்மா” என்று கேட்கும். தலையாட்டுவாள். அதற்கப்புறம் அந்த வாலிபர் “ஆச்சு மேடம்” என்பார். அதற்கும் தலையாட்டுவாள்.

“எதுக்கு மேடம் ரெண்டு தடவை தலையாட்டறீங்க?” என்று கேட்டாராம்.

“கழுத்து வலி சார்” என்றாளாம்.

இதற்குள் என் வாயால் விஷயத்தைக் கேட்ட எங்கள் வக்கீல், இறந்துபோனவருக்கு ஆர்டர் வாங்கிய தன் தவறு வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, உள்ளதைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். வங்கி அந்தப் பெயரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டது. இவளுக்கு அது தெரியாது. அடுத்த வருடக் கடைசியும் வந்தது. பணியாளர் பிரிவில் போய் மெதுவாக விசாரித்தாள். அவருக்கு ரிட்டயர்மெண்ட் ஆர்டர் போடுவீர்களா என்று. அங்கே இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். செத்துப்போனவருக்கு, வேலையிலிருந்து விடுவித்தாயிற்று என்று யாராவது ரிலீவிங் ஆர்டர் போடுவார்களா? இது என்ன கேள்வி?

புது வருடத்தின் முதல் வேலை நாள். நான் போன் பண்ணினேன்.

“என்ன ஆச்சு?”

“வந்துட்டார் அண்ணி” என்றாள். “ரிலீவிங் ஆர்டர் கையில வாங்காம யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒழுங்கான ஆபீசருக்கு அது தெரியும். நான் திரும்பி வந்ததுலேருந்து ஒரு நாள் லீவு போட்டதில்லை அவர்.”

போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன்.

“எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு அண்ணி” என்றாள். “அதுக்குள்ள எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா, எனக்கு ஆர்டர் போட மாட்டாங்க. நீங்க என்ன பண்ணுங்க, சும்மா ஒரு பேப்பர்ல ரிலீவ் பண்ணியாச்சுன்னு எழுதி, என் படத்துக்கு முன்னாடி நின்னு சத்தமா வாசிச்சுடுங்க. அவருக்கு இப்படி வாசிக்கச் சொல்லி அந்த அம்மாகிட்ட கேக்க எனக்கு வாய் வரலை. வேற யார்கிட்டயும் இதைக் கேக்க முடியாது.”

சரி என்றேன். வாசிக்கிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அவள் காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“காபி நல்லா இருக்கு அண்ணி” என்றாள்.

இருபத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. அவள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.